வாயடைக்கப்பட்ட மணி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, மணி 11 இருக்கும். குருமனைக் கதவு தட்டப்பட்டது. நெல்லித்தோப்புப் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் மூச்சுத் திணறலோடு கிடந்தார். "சாமி, அப்பாவுக்கு அவஸ்தை கொடுக்கணும். கொஞ்சம் உடனே வரணும்" என்று அவருடைய மூத்த மகன் கைகூப்பி நின்றார். நோயாளர் எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பையில் வழக்கம்போல் சிலுவை ஒன்றும், மெழுகுதிரி இரண்டும், தீப்பெட்டியும் இருந்தன.

நான்காம் மாடியில் பெரியவரின் முகமூடி வழியே பிராணவாயு சீறிக்கொண்டிருந்தது. கட்டிலருகே சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையை நிறுத்தி, மெழுகுதிரியை ஏற்றத் தீக்குச்சியை எடுத்தோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கை பழகிய செயல் அது. அக்கணத்தில் செவிலியப் பெண் ஒருத்தி ஓடிவந்து நம் மணிக்கட்டைப் பற்றினாள். "மன்னிச்சுக்குங்க சாமி, ஆக்சிஜன் ஓடுது. தீ வேண்டாம்."

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு. படுக்கையைச் சுற்றி அந்த அளவு சற்றே கூடிவிட்டாலும், மற்ற வேளையில் புகைந்து அணைந்துபோகும் பொறியும் போர்வையில் கொழுந்துவிட்டு எரியும். இதை நாம் படித்துத்தான் இருந்தோம். ஆனால் நம் கைக்கு அது தெரிந்திருக்கவில்லை. மெழுகுதிரியின்றியே திருவருட்சாதனத்தை நிறைவேற்றினோம். அதனால் அதன் பலனில் யாதொரு குறைவும் நேர்ந்துவிடவில்லை.

வெட்கத்தோடு வெளியே வந்த நமக்கு, எத்தனையோ முறை நடந்த அந்தத் தாழ்வாரம் அன்று புதிதாகத் தெரிந்தது. சுவரில் தீ அபாய மணிக்குரிய சிவப்புப் பெட்டி இருந்தது. அதில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. காவலாளியிடம் காரணம் கேட்டோம். "அது சும்மா சும்மா அடிக்குதுங்க சாமி. நோயாளிங்க தூங்க முடியலன்னு சத்தத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றார். தாழ்வாரத்தின் கோடியில் இரண்டாவது மாடிப்படி. அதன் கதவுக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டிருந்தன. முன்னால் பழைய கட்டில்கள் அடுக்கப்பட்டிருந்தன. சாவி எங்கே என்றோம். "ஆபீசுலதாங்க இருக்கும். காலையிலதான் திறப்பாங்க."

அன்றிரவு நாம் உறங்கவில்லை. சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அங்கே ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடித் தப்ப வழியின்றி மாண்டார்கள். மனிதரின் காலில் பூட்டினாலும் படிக்கட்டின் கதவில் பூட்டினாலும், தீயின் முன்னிலையில் இரண்டும் ஒன்றே.

வாயடைக்கப்பட்ட மணியை எண்ணும்போது கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனை நம் கண்முன் நிற்கிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் விடியுமுன், வாகனம் நிறுத்தவென ஒதுக்கப்பட்ட அடித்தளத்தில் குவித்து வைத்திருந்த பொருள்கள் தீப்பற்றின. மேல் மாடிகளில் ஆளைக் கொன்றது பெரும்பாலும் தீயன்று, புகையே. கண்ணாடியால் மூடிய அந்தக் கட்டடத்தில் அது மாடிதோறும் பரவி, ஏறத்தாழ 90 உயிர்களைக் குடித்தது. பக்கத்துக் குடிசைவாசிகள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தபோது, காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. கருவியின் மணியானால் என்ன, ஏழையின் குரலானால் என்ன, எச்சரிப்பு வரும் வேளையில் நமக்கு அது தொல்லையாகவே படுகிறது. அதே நாளில் கேரளத்து இளம் செவிலியர் இருவர், நோயாளர் எட்டுப் பேரை வெளியேற்றிவிட்டு, ஒன்பதாமவரைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்தார்கள்.

மணி பொய்யாக அடிப்பதும் உண்டு. புகையை உணரும் கருவிக்குள் தூசி படிந்தாலும், பூச்சி புகுந்தாலும், நீராவி பட்டாலும் அது கூவும். அதைத் துடைத்துச் சீர்படுத்துவது அரை நாள் வேலை. சத்தத்தை நிறுத்துவது அரை நிமிட வேலை. நாம் எளியதையே தேர்ந்துகொள்கிறோம். குழந்தை அடிக்கடி அழுகிறது என்பதற்காக அதன் வாயைப் பொத்தும் தாய் உண்டோ?

தீ பெரும்பாலும் மின்சாரத்திலிருந்தே பிறக்கிறது. மகாராஷ்டிரத்தின் பண்டாரா அரசு மருத்துவமனையில் 2021 ஜனவரி 9-ஆம் நாள், பிறந்து சில நாளேயான குழந்தைகளின் பிரிவில் தீ மூண்டது. 17 குழந்தைகளுள் 7 பேரையே காப்பாற்ற முடிந்தது. 2024 நவம்பர் 15-ஆம் நாள் ஜான்சியிலும் அத்தகைய பிரிவு ஒன்றில் அன்றிரவே 10 சிசுக்கள் மடிந்தன. இத்தகைய பிரிவுகளில் குளிர்சாதனமும் மற்றக் கருவிகளும் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகின்றன. கம்பியில் மின்னோட்டம் இருமடங்கானால் அதில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். திருகாணி தளர்ந்த ஓர் இணைப்பு மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கனன்று, ஒருநாள் பற்றிக்கொள்ளும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 2020 நவம்பரில் ராஜ்கோட்டில் கொரோனா மருத்துவமனை ஒன்று எரிந்தபின், அத்தகைய மருத்துவமனைகளை மாவட்டந்தோறும் ஒரு குழு மாதம் ஒருமுறையேனும் சோதிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் கட்டளையிட்டது. ஆயினும் சுவரில் தொங்கும் சான்றிதழ் தீயை அணைப்பதில்லை. இயங்கும் மணியும் திறந்த கதவும் பழகிய ஊழியருமே உயிரைக் காப்பார்கள்.

இவை நிர்வாகத்தாரின் கடமை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நோயாளியின் கருவிக்குரிய மின்செருகியில் வெந்நீர்க் கெட்டிலையும், அதன் கிளையில் மூன்று கைபேசிகளையும் மாட்டுகிறவர்கள் யார்? படிக்கட்டில் பாய் விரித்துப் படுப்பவர்கள் யார்? நம் குடும்பத்தாரேயல்லவா?

ஆகவே அன்பான பங்குமக்களே, எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனையாயினும், கோரிமேட்டு ஜிப்மராயினும், தெருமுனையிலுள்ள சிறு மருத்துவமனையாயினும், உங்கள் நோயாளியைப் படுக்க வைத்தவுடன் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று நடந்துபோய்ப் பாருங்கள். கதவு பூட்டியிருந்தால் பணிவோடு கேளுங்கள், திறக்கும்வரை கேளுங்கள். தீ நேர்ந்தால் லிப்டில் ஏறாதீர்கள். 2024 டிசம்பர் 12-ஆம் நாள் இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனை ஒன்றில் கீழ்த்தளத்தில் தீப்பற்றியபோது, ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தனர். லிப்டுக்குள் பலர் மயங்கிக் கிடந்தனர். நடக்க இயலாதவரைப் படிவழியே தூக்க முயன்று நேரத்தை இழப்பதைவிட, போர்வையோடு தரையில் இழுத்து, அதே மாடியில் புகையற்ற அடுத்த பகுதிக்குக் கொண்டுபோய் இடைக்கதவைச் சாத்துவது மேல். புகையில் தாழக் குனிந்து செல்லுங்கள். மின்தீயின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். 101 அல்லது 112-ஐ உடனே அழையுங்கள்.

அந்தப் பெரியவர் மூன்றாம் நாள் அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்ததும் மருத்துவமனை நிர்வாகத்துக்கு, குற்றம் சாட்டாமல், கண்டதை மட்டும் எழுதினோம். தீக்குச்சியை எடுத்த நம் குற்றத்தையும் அதிலே எழுதினோம். ஒரு மாதம் கழித்து வேறொருவரைப் பார்க்கச் சென்றபோது சங்கிலி அகற்றப்பட்டிருந்தது. பெட்டியில் மஞ்சள் விளக்குக்குப் பதில் பச்சை விளக்கு எரிந்தது. கட்டில்கள் மட்டும் இன்னும் அங்கேயே இருந்தன. அவற்றுக்காக இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறோம்.

நம் கோயில் மணியும் அதிகாலையில் சிலருடைய தூக்கத்தைக் கலைக்கத்தான் செய்கிறது. அதற்காக அதன் நாவைக் கட்டிவிடுவோமா? நம் கையைப் பிடித்துத் தடுத்த அந்தப் பெண்ணுக்காக அன்றாடம் செபிக்கிறோம். அவள் குரல் அன்று எழாதிருந்தால், இந்தக் கட்டுரையை வேறு யாரேனும் நம்மைப் பற்றி எழுத நேர்ந்திருக்கும்.