அவர் கடைசியாகப் போட்ட பெட்ரோல்

எங்கள் வீட்டு ஷெட்டில் ஓர் அம்பாஸிடர் நிற்கிறது. 1985-ல் என் கணவர் ஆசை ஆசையாக வாங்கியது. பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அந்தக் காரில்தான். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியதும் அதில்தான். 2021 பிப்ரவரியில் அவர் கடைசியாக வண்டியை எடுத்தது பெட்ரோல் போடத்தான். "ஃபுல் டாங்க் போட்டாச்சு, கோடை முடியறவரைக்கும் கவலையில்லே" என்றார். கோடை முடியும்போது அவர் இல்லை.

நாலு வருஷம் அந்த ஷெட்டைத் திறக்கவே எனக்கு மனசு வரவில்லை. 2025 தீபாவளிக்கு வந்த மகன், "அம்மா, ஒண்ணு ஓட்டணும், இல்லே வித்துடணும். இப்படியே விட்டா துருப்பிடிச்சுப் போயிடும்" என்றான். வெடியெல்லாம் ஓய்ந்து இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கை அழைத்து வந்தான்.

டாங்க் மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி. பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் மாதிரி புளித்த வாடை. "முதல்ல இதை வடிச்சுடணும்மா" என்றார் மெக்கானிக்.

எனக்குச் சுருக்கென்றது. "அவர் போட்ட பெட்ரோலாச்சே! இதுலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக் கூடாதா?"

அவர் பொறுமையாக விளக்கினார். நாள்பட நின்றால் பெட்ரோலில் சுலபமாய் ஆவியாகும் பகுதி போய்விடுமாம். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைத்துவிடுமாம். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்களே, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அடியில் தங்கி டாங்க் துருப்பிடிக்கும். "நாளாக ஆக ருசி ஏற இது ஊறுகாய் இல்லேம்மா, தயிர் மாதிரி" என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை. தலையாட்டினேன்.

அதற்குள் அவரோடு வந்த பையன் ரப்பர் குழாயின் ஒரு முனையை டாங்கில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்துவிட்டான். "ஐயோ தம்பி, வாயை எடு!" என்று அலறினேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, எதிர்வீட்டு டிரைவர் இப்படி உறிஞ்சி ஒரு வாய் விழுங்கிவிட்டார். யாரோ உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். அதுதான் வினையாயிற்று. பெட்ரோல் நுரையீரலுக்குள் போய், மூச்சுத் திணறி, பல வாரம் படுத்துவிட்டார். சகோதரிகளே, பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, யார் குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். பழைய பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகளுக்கு என்ன தெரியும்?

பையன் வெட்கத்தோடு கைப்பம்பை எடுத்து வந்தான். நான் உதவியாக இருக்கட்டுமே என்று பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோனேன். இம்முறை மெக்கானிக் என்னைத் தடுத்தார். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேர்ந்து ஒரு சின்னப் பொறி பறந்தால் போதுமாம். மூடியுள்ள இரும்பு டின்களைத் தரையில் வைத்துத்தான் இறக்கினார்கள்.

அதற்கு முன்னால் பாட்டரி ஒயரைக் கழற்றி, வண்டியைத் தள்ளி வாசலில் நிறுத்தினார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொட்டுவிடும். நான் சமையலறை காஸை மூடினேன். பூஜை விளக்கையும் அன்றைக்கு மலை ஏற்றிவிட்டேன்.

கடைசியில் டாங்கின் அடித் திருகைக் கழற்றியபோது, துருவும் தண்ணீருமாகச் செம்மண் குழம்பு போல இறங்கியது. இதையா நான் நாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்! சாக்கடையில் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுப்பதாகச் சொல்லி, மெக்கானிக் டின்களை எடுத்துப் போனார்.

டாங்கைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாய்களை மாற்றி, அடுத்த வாரம் வண்டி கிளம்பியது. மகன் ஓட்ட, நான் வழக்கமான இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தேன். அவர் போடும் அதே பங்க்.

"ஃபுல் டாங்க்காம்மா?" என்று கேட்டான் மகன்.

"வேண்டாம்ப்பா. ஓடற அளவுக்குப் போடு. தீர்ந்தா மறுபடி வருவோம்" என்றேன்.