பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் முழிக்குது! - பேசின் பிரிட்ஜ் டு எண்ணூர், ஒரு வயர் பயணம்

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலைய நடைமேடையில் இருட்டும் நேரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சென்ட்ரலில் இருந்து கிளம்பும் ரயில்கள் இந்த இடத்தைக் கடக்காமல் ஊரைவிட்டுப் போக முடியாது. கும்மிடிப்பூண்டி பக்கம் பிரிவது, அரக்கோணம் பக்கம் திரும்புவது என ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லோரும் இன்ஜினைப் பார்ப்பார்கள். நான் அன்று கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி, 'எல்.வி.' என்று ஒரு சின்னப் பலகை, இருட்டினால் ஒரு சிவப்பு விளக்கு. இவை அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ரயில் முழுசாக வந்து சேர்ந்ததா, நடுவில் பெட்டி ஏதும் கழன்று நின்றுவிட்டதா என்பதை ஸ்டேஷன் ஊழியர்கள் இந்த அடையாளத்தை வைத்துத்தான் உறுதி செய்கிறார்கள். வால் விளக்கைப் பார்க்காதவரை ரயில் வந்துவிட்டது என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து சாலையில் நின்றேன். நாற்பது அடி கன்டெய்னரைச் சுமந்துகொண்டு ஒரு டிரெயிலர் போனது. அதன் பின்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. வலது ஓரத்தில் மட்டும், மூடி உடைந்து, வெள்ளையாக ஒரு பல்பு.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு செகண்ட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அப்பா, சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற ஒரு டிரெயிலரின் பின்னால் மோதினார். ஹெல்மெட் போட்டிருந்ததால் காறை எலும்போடு போனது. "ரோடு காலியா இருக்குன்னுதான் நெனச்சேன். திடீர்னு ஒரு சுவர் வந்துச்சு" என்று இன்றைக்கும் சொல்வார். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் யாரிடம் பேசினாலும் இந்த 'சுவர்' கதை ஒன்று இருக்கும். சிலர் வீடுகளில் சொல்ல ஆள் இருக்காது.

ஒரு டெயில் லைட் ஏன் எரிவதில்லை? டிரைவரின் அலட்சியமா, ஓனரின் கஞ்சத்தனமா, வேறு ஏதாவதா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் மூலகொத்தளம் தாண்டி ஒரு சந்தில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன். இருபத்தைந்து வருடமாக லாரி வயரிங் பார்க்கிறவர். "பேரெல்லாம் போடாதம்மா. வேலையைப் பத்தி எழுது" என்றார். அதனால் இங்கே அவர் வெறும் அண்ணன்.

அண்ணன் கடை என்பது பெட்டிக்கடை அளவு. டிரெயிலர் அந்தச் சந்துக்குள் வராது. டிரெயிலர் நிற்கும் இடத்துக்கு அண்ணன்தான் மொபெட்டில் போவார். ஒரு பை, அதில் ஸ்பேனர், வயர் சுருள், டேப், அப்புறம் பெட் மாதிரி பாதுகாக்கும் ஒரு டெஸ்ட் லேம்ப். மல்ட்டிமீட்டர் இருக்கிறது, ஆனால் அதை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன் வந்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு வண்டி. "வர்றியா?" என்றார். என் ஸ்கூட்டியில் பின்னால் கிளம்பினேன்.

பேசின் பிரிட்ஜ் என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி சென்னையில் இருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார். படகுகள் வந்து ஒதுங்கிய நீர்த்தேக்கம்தான் 'பேசின்'. பிற்பாடு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் மாறிய அந்த நீர்வழியில், ஒருகாலத்தில் உப்பும் விறகும் படகில் வந்தன. இன்று அந்தக் கால்வாயைப் பார்த்தால் படகு என்ன, காகிதக் கப்பல்கூட ஓடாது. சரக்கு மொத்தமும் சாலைக்கு வந்துவிட்டது. இதே பேசின் பிரிட்ஜில் 120 மெகாவாட் வாயுச் சுழலி மின் நிலையம் ஒன்றும் இருக்கிறது. ஊருக்கே கரன்ட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஐந்து வாட் பல்புக்கு அல்லாடும் லாரிகள்!

ஸ்டான்லி மருத்துவமனையைத் தாண்டி, ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஊர். அங்கிருந்து காசிமேடு. ஐஸும் மீனும் டீசலும் கலந்த வாசனை வந்ததும் வலது பக்கம் கடல் திறக்கிறது. எக்ஸ்பிரஸ் சாலை என்று பெயர். அன்றைக்கு அதில் எக்ஸ்பிரஸாகப் போனது கடல் காற்று மட்டும்தான். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெயிலர்கள் வரிசைகட்டி நின்றன. 1983-ல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தனி கன்டெய்னர் முனையம் திறந்த துறைமுகம் இது. அன்றில் இருந்து இந்தச் சாலைக்கு இரும்புப் பெட்டிகள்தான் அடையாளம்.

"இந்தக் காத்துதாம்மா எனக்குச் சோறு போடுது" என்றார் அண்ணன். உப்புக் காற்று செம்பு வயரைத் தின்னும். புது வயர் போட்டாலும் வெட்டிய முனை வழியாக ஈரம் உள்ளே ஏறி, இன்சுலேஷனுக்குள்ளேயே செம்பு கறுத்து, பச்சை பூத்து, பொடியாகிவிடும். வெளியே பார்த்தால் வயர் நன்றாகவே இருக்கும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தேங்கும் தண்ணீரில் இறங்கி ஏறினால், மிச்சம் மீதியும் போயிற்று.

வண்டி டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். அவருடைய புகார் எனக்கு விசித்திரமாகப் பட்டது. "பின்னாடி லெஃப்ட் சைடு டெயில் லைட், பிரேக் லைட் ரெண்டும் சரியா எரியல. ரெண்டு தடவை பல்பு மாத்திட்டேன். ஆனா பிரேக்கை மிதிச்சா முன்னாடி கேபின்ல லெஃப்ட் இண்டிகேட்டர் மின்மினி மாதிரி முழிக்குதுண்ணே!"

பேய் பிடித்த வண்டியோ என்று நான் நினைத்தேன். அண்ணன் சிரித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "எர்த்."

ஆனாலும் நேராக விளக்கைப் பிரிக்கவில்லை. முதலில் கேபினுக்குப் பின்னால் போனார். இழுக்கும் வண்டியையும் டிரெயிலரையும் மின்சாரத்தால் இணைப்பது சுருள் சுருளாகத் தொங்கும் ஒரு கேபிள். அதன் முனையில் ஏழு பின் கொண்ட பிளக். ஒரு பின் எர்த்துக்கு. இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பிரேக், இடது டெயில், வலது டெயில் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஏழாவது கூடுதல் தேவைக்கு. சர்வதேச முறைப்படி வெள்ளை எர்த், மஞ்சள் இடது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், பச்சை வலது இண்டிகேட்டர் என்று நிறம் உண்டு. "அதெல்லாம் கம்பெனியில இருந்து வரும்போதும்மா. பத்து மெக்கானிக் கை பட்ட வண்டியில எல்லாமே சிவப்பாதான் இருக்கும்" என்றார் அண்ணன்.

பின்களில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். உப்பு செய்த வேலையை உப்புத்தாள் சரிசெய்கிறது என்று நான் ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைச் சேஸில் சுரண்டிய இடத்தில் மாட்டி, முனையை ஒவ்வொரு பின்னிலும் வைத்துப் பார்த்தார். கேபினில் இருந்து கரன்ட் சரியாக வருகிறது. அப்படியென்றால் குறை டிரெயிலரில்.

பின்பக்கம் போய் இடது விளக்கின் மூடியைக் கழற்றினார். அங்கேயும் கரன்ட் வருகிறது. ஆனால் பல்பு எரியவில்லை. இப்போது பையில் இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து, விளக்கின் எர்த் முனையையும் சேஸையும் இணைத்தார். பளிச்சென்று எரிந்தது!

விஷயம் இதுதான். மின்சாரம் பேட்டரியில் இருந்து வயர் வழியாகப் பல்புக்குப் போகிறது; திரும்பி வர வண்டியின் இரும்புச் சேஸ்தான் பாதை. அந்தத் திரும்பும் பாதை அடைபட்டால் கரன்ட் சும்மா இருக்காது, சந்து தேடும். பிரேக் பல்புக்கு வந்த கரன்ட், எர்த் கிடைக்காமல் பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் நுழைந்து, அந்த வயரிலேயே பின்னோக்கி ஓடி, கேபினில் இருக்கும் இண்டிகேட்டர் வழியாகச் சேஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுதான் அந்த மின்மினி. பல்பை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று முழிக்கிறதா? பல்பு வாங்கக் கடைக்குப் போகும் முன் எர்த்தைப் பாருங்கள்.

"எஃப்.சி.க்கு பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டார் அண்ணன். டிரைவர் ஆச்சரியமாக, "போன மாசம்தான்" என்றார். பெயின்ட் அடிப்பதற்காக விளக்கைக் கழற்றியவர்கள், அடித்து முடித்ததும் எர்த் வயரைப் பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டார்கள். பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. வண்டி சாலைக்குத் தகுதியானது என்று சான்றிதழ் வாங்கப் பூசிய பெயின்ட்டே விளக்கை அணைத்திருக்கிறது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

போல்ட்டைக் கழற்றி, இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார்.

மீட்டர் கதைக்கு வருகிறேன். அதே வண்டியில் வலது டெயில் லைட் மங்கலாக எரிந்தது. பல்புக்கு வரும் வயரைக் கழற்றி மீட்டரை வைத்தால் 24 வோல்ட் காட்டுகிறது (லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 ஆக்குவார்கள்). "சரியாத்தானே இருக்கு?" என்றேன். அண்ணன் அதே இடத்தில் 21 வாட் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். அது அழுது வடிந்தது. வழியில் எங்கோ டேப் சுற்றிய ஓர் ஒட்டில், வயரின் இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஓர் இழை மிச்சம் இருந்திருக்கிறது. மீட்டர் இழுக்கும் கரன்ட் மிகச் சொற்பம். அதற்கு ஓர் இழை போதும், அதனால் முழு 24 காட்டும். பல்புக்கு அது போதாது. "வேலை குடுத்துப் பார்த்தாத்தாம்மா வயரோட தெம்பு தெரியும்."

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தபோது மட்டும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஷார்ட் ஆனால் ஃபியூஸ் உருகுவதற்குப் பதில் வயர் உருகும். நாள்கணக்கில் வரிசையில் நிற்கும்போது டிரைவர் தூங்குவது அந்தக் கேபினில்தான்.

வரிசையில் நிற்கும்போது பார்க்கிங் லைட் போடலாமே என்று டிரைவரிடம் கேட்டேன். "போட்டா விடிகாலையில வண்டி ஸ்டார்ட் ஆகணுமே தங்கச்சி?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். டெயில், சைடு எல்லாம் சேர்த்து பத்து விளக்கு, ஒவ்வொன்றும் 5 வாட் என்றால் 50 வாட். 24 வோல்ட்டில் சுமார் இரண்டு ஆம்பியர். பத்து மணி நேரம் நின்றால் இருபது ஆம்பியர்-ஹவர். பழைய பேட்டரி தாங்காது. அவர் பயம் நியாயம்தான். எல்.இ.டி. விளக்கு மாற்றினால் இந்தச் செலவு பல மடங்கு குறையும். மாற்ற வேண்டியது ஓனர். ஓனருக்குப் பேட்டரி தெரியும், டயர் தெரியும். இருட்டில் பின்னால் வரும் பைக் அவர் கண்ணில் படுவதே இல்லை.

கரன்ட்டே தேவைப்படாத காவலும் ஒன்று இருக்கிறது: ஒளிரும் ஸ்டிக்கர். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தையே வாங்கித் திருப்பித் தரும். ஆனால் எண்ணூர் சாலைத் தூசியில் இரண்டே நாளில் குருடாகிவிடும். அண்ணன் ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தார். என் ஸ்கூட்டி வெளிச்சத்தில் அது தீப்பிடித்த மாதிரி மின்னியது.

இதைப் படிக்கும் சிலர், காருக்குப் பின்னால் சின்ன டிரெயிலர் மாட்டி ஊர் சுற்றும் ஆசையில் இருக்கலாம். (கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி மட்டும் அல்ல, கேரளாவில் 2021-லேயே கேரவன் சுற்றுலாத் திட்டம் தொடங்கிவிட்டார்கள்.) அண்ணனிடம் அவர்களுக்காகவும் கேட்டேன். "12 வோல்ட்டா இருக்கும், அவ்ளோதான். வியாதி ஒண்ணுதான்" என்றார். முதலில் பிளக், அடுத்து எர்த், அப்புறம் வழியில் இருக்கும் ஒட்டுகள், கடைசியில்தான் பல்பு. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் மட்டும் நேராகப் பல்பைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று போயிருக்கும்.

எல்லாம் முடிந்து, சோதனை. டிரைவர் கேபினில் ஏறிக்கொண்டார். அண்ணன் பிளக் பக்கத்தில். "நீ பின்னாடி நின்னு சத்தம் குடும்மா" என்றார்கள். டிரெயிலருக்குப் பின்னால் போய் நின்றேன். நன்றாக இருட்டியிருந்தது. அப்பா மோதிய உயரத்தில், என் நெஞ்சுக்கு நேராக அந்த இரும்புச் சட்டம்.

"லெஃப்ட் இண்டிகேட்டர்?"

"எரியுது!"

"ரைட்?"

"எரியுது!"

"டெயில்?"

"ரெண்டும் எரியுது!"

"பிரேக்?"

இரண்டு பக்கமும் சிவப்பு முகத்தில் அடித்தது. ஒரு நொடி எனக்குச் சத்தம் வரவில்லை.

"ஏம்மா, எரியுதா இல்லையா?"

"எரியுதுண்ணே!"

வரிசை நகர்ந்தது. அந்த டிரெயிலர் ஜீரோ கேட் பக்கம் ஊர்ந்து போக, இரண்டு சிவப்புப் புள்ளிகள் ரொம்ப தூரத்துக்குத் தெரிந்தன. அண்ணன் கையைத் துடைப்பதற்குள் அடுத்த போன். சாத்தங்காடு பக்கம் ஒரு வண்டிக்கு மொத்த விளக்கும் போச்சாம். மொபெட்டைத் திருப்பினார். அதன் பின்னால் டெயில் லைட்டுக்கு இரண்டு பக்கமும் லாரி ஸ்டிக்கரை வெட்டி ஒட்டியிருந்தார்.