திரையில் வந்த ஆசான்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் நான். ஆயினும் அரபுத்தமிழில் ஒரு பக்கத்தையேனும் தடையின்றிப் படிக்கத் தெரியாதிருந்தேன் என்பதை இம்மலரில் ஒப்புக்கொள்வதில் வெட்கமுண்டு. மறைப்பதில் அதனினும் வெட்கமுண்டு. சீறாப்புராணத்தின் 5027 பாடல்களைப் பற்றி நாள்முழுதும் பேசும் நா, அங்கே தயங்கி நின்றுவிடும். திருக்குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதாதோ எனலாம். போதாது. ட, ண, ப, ழ, ள முதலிய ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. நம் முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டியும் இடம் மாற்றியும் அவற்றுக்கு வடிவமைத்தனர். அப்புள்ளிகளில்தான் நான் இடறினேன்.

2022ஆம் ஆண்டில், பெருந்தொற்றுக் காலத்தில் பழகிய காணொளி அழைப்பைத் துணைக்கொண்டு, இலங்கையில் வாழும் முதிய பேராசிரியர் ஒருவரை வகுப்பிற்கு அழைத்தோம். பொன்னாடை போர்த்த இயலாத விருந்தினர்! வீட்டிலுள்ள பழைய ஏடுகளைக் கொண்டுவருமாறு முன்னரே பணித்திருந்தார். ஒரு மாணவி மட்டுமே கொணர்ந்தாள். உம்மம்மாவின் பெட்டியில் கிடந்த, அட்டை கழன்ற கைப்பிரதி அது. ஏதோ துஆ என்றெண்ணி, மண்ணில் அடக்குவதற்காக எடுத்து வைத்திருந்தார்களாம். சிதைந்த அரபு ஏடுகள் காலில் மிதிபடாதிருக்கப் புதைப்பது நம் வழக்கம். அந்தப் பேணுதலுக்கே அரபுத்தமிழ் ஏடுகள் எத்தனை இரையாயினவோ!

மாணவி ஏட்டைக் கணினியின் முன் பிடித்தாள். எங்கள் திரையில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தோன்றின, பிள்ளைகள் பதறினர். "எனக்கு நேராகவே தெரிகிறது" என்று சிரித்தார் பேராசிரியர். முன்பக்கங்களில் ஒரு மாலைப் பாடல். கடைசி ஏட்டைப் புரட்டச் சொன்னவர், சற்று மௌனமானார். பிறகு படித்தார். துஆ அன்று; கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்கு உம்மம்மாவின் தாயார் எழுதிப் பார்த்த கடிதம். மழையில் ஓடு பெயர்ந்தது, மூத்தவளுக்குக் காய்ச்சல் விட்டது என நல்ல தமிழில் ஓடியது. பள்ளிக்கூடம் காணாத நம் பெண்கள், ஓதப் பழகிய எழுத்திலேயே தம் தாய்மொழியை எழுதினர் என்று நான் பலமுறை கரும்பலகையில் எழுதியதுண்டு. அன்றுதான் அதைக் காதால் கேட்டேன்.

நான்காம் வரியில் அழைப்பு அறுந்தது. கட்டணமில்லாச் சேவைக்கு 40 நிமிடமே எல்லை என்பதை மறந்திருந்தேன். மீண்டும் இணைந்தபோது, மீதியைப் படிக்க அவர் மறுத்துவிட்டார்.

"எழுத்தைச் சொல்லித் தருகிறேன். வீட்டுக் கடிதத்தை வீட்டுப் பிள்ளையே படிக்கட்டும்."

அடுத்த நான்கு வியாழக்கிழமைகள் பாடம் நடந்தது. நானும் குறிப்பேட்டுடன் பெஞ்சில் அமர்ந்தேன். கற்பதில் பிள்ளைகள் என்னை முந்தினர். ஐந்தாம் வியாழனன்று அந்த மாணவி எழுந்து, திக்கித் திக்கி மீதியைப் படித்தாள். பிறந்திருக்கும் பெண்மகவுக்கு என்ன பெயர் சூட்டுவது என்ற கேள்வியோடு கடிதம் நின்றிருந்தது.

"என்ன பெயர் வைத்தார்களாம்?" என்று திரையிலிருந்து கேட்டார் பேராசிரியர்.

"அது உம்மம்மாவா, அவர்களின் தங்கையா என்று தெரியவில்லை ஐயா. வீட்டில் கேட்டுவந்து சொல்கிறேன்" என்றாள்.