ஒரு சோறு பதமாகுமா?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியை நம் இல்லங்களிற் கேளாதார் இல்லை. விலங்கியல் பயில்வோனாகிய எனக்கு இதன்மீது தனி விருப்பமுண்டு. எங்கள் துறையிலும் இதனைப் பின்பற்றி நடக்கும் முறையொன்று உளது. வெப்பமண்டலக் காடொன்றில் வாழும் உயிர்வகை யாவற்றையும் எண்ணி முடித்தல் மிக அரிது. ஆகவே, எண்ணுதற்கு எளிய ஒரு கூட்டத்தை, பறவைகளையோ வண்ணத்துப்பூச்சிகளையோ தெரிந்துகொண்டு, அதன் வகைகள் மிகுதலும் குறைதலும் கண்டு ஏனைய உயிர்களின் நிலையை உய்த்துணர்வர். அக்கூட்டத்திற்குக் குறிகாட்டி என்று பெயர்.

எண்ணுதலின் அருமைக்குப் பனாமா நாட்டுச் சான் லொரென்சோ காடு சான்றாகும். ஆங்கு அரை ஹெக்டேருக்கும் சிறிது குறைந்த நிலப்பரப்பில் பூச்சி, சிலந்தி முதலிய கணுக்காலிகள் 6,144 வகை கிடைத்தன. 6,000 ஹெக்டேர் பரந்த அக்காடு முழுவதிலும் ஏறக்குறைய 25,000 வகை இருத்தல் கூடுமென 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கணித்தது. இத்தொகையைக் கண்டபின், குறிகாட்டியை நாடுவோரைக் குறைகூற எவர்க்கும் மனம் வாராது.

எனினும், அவ்வொரு சோறு உண்மையிற் பதங் கூறுமா? இவ்வினாவை ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டு எம்பால்மாயோ காட்டில் லாட்டன் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் நேரிற் சோதித்தனர். பெரிதும் பழுதுறாத காடு, வெட்டுண்டபின் மீண்டும் வளர்ந்து முதிர்ந்த காடு, நட்டு வளர்த்த தோப்பு, முற்றும் அழிக்கப்பட்ட நிலம் என்பவற்றில் எட்டுக் கூட்டங்களை ஆராய்ந்தனர். பறவை, வண்ணத்துப்பூச்சி, பறக்கும் வண்டு, மரமுடியில் வாழும் வண்டு, மரமுடி எறும்பு, சருகு எறும்பு, கறையான், மண்ணிலுள்ள நூற்புழு என்பன அவை. 1998-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு யாது? காடு சிதையச் சிதைய உயிர்வகைகள் பொதுவாகக் குறைந்தன. ஆயினும், எந்த ஒரு கூட்டமும் ஏனையவற்றின் மாறுதலுக்கு நல்ல குறிகாட்டியாக அமையவில்லை.

சிந்திப்பின் இதன் காரணம் புலனாகும். பானையிலுள்ளது ஒரே அரிசி. ஒரே நீரில், ஒரே தீயில் வேகுவது. காட்டிலோ மரமுடியில் வாழும் வண்டுக்கும் மண்ணின் ஈரத்தில் வாழும் நூற்புழுவுக்கும் உணவு வேறு, உறைவிடம் வேறு. கோடரியின் தாக்குதலை ஒவ்வொன்றும் தன் தன் வழியில் உணர்கின்றது. பறவைக் கணக்கை மட்டும் கண்டு ஒரு காட்டின் விதியை முடிவுசெய்வோமாயின், எண்ணப்படாதவை நம் அறிவுக்கு எட்டாமலே மறைந்துபோதல் கூடும்.

இதனால் இம்முறையை முற்றும் தள்ளுதல் வேண்டா. பிரேசில் நாட்டு ஜாரிப் பகுதியில் பல கூட்டங்களை ஒப்புநோக்கியோர், செலவிட்ட பொருளுக்கேற்ற பயனைச் சிறப்பாகத் தருவன பறவைகளும் சாணவண்டுகளுமே என 2008-ஆம் ஆண்டில் காட்டினர். ஒன்றை நம்பாது, வாழ்க்கைமுறையில் வேறுபட்ட சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுதலே தக்கதென்பது என் துணிபு.

ஆனால், அதற்கு ஆட்கள் வேண்டும். உடல் சிறுக்கச் சிறுக்க, பெயரறியப்படாத வகைகளும் அவற்றைப் பிரித்தறிய வேண்டிய உழைப்பு நேரமும் மிகமிகப் பெருகுவதாக எம்பால்மாயோ ஆராய்ச்சி கூறுகின்றது. ஆதாம் நாட்டுமிருகங்களுக்கும் பறவைகளுக்கும் காட்டுமிருகங்களுக்கும் பெயரிட்டதாக ஆதியாகமம் உரைக்கும். ஊரும் சிற்றுயிர்கள் அவ்விடத்துக் குறிக்கப்படவில்லை. அப்பணி நமக்கென விடப்பட்டதோ என்று நான் எண்ணுவதுண்டு. பறவையின் அழகில் ஈடுபடுவோர் நம்முள் பலர். நானும் அவருள் ஒருவன். உருப்பெருக்கியின்கீழ் நூற்புழுவை நோக்கிப் பொழுது கழிக்க முன்வருவோர் மிகச் சிலர். ஆண்டுதோறும் நம் மாணவருள் ஓரிருவரேனும் அச்சிலருடன் சேர்வாராயின், அவர் கற்ற கல்வி பெயரற்ற உயிர்களுக்கும் துணையாகும்.