காற்புள்ளியும் பத்திக் கணக்கும்: ஒரு பாடல் அட்டவணை தந்த படிப்பினை

பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) இருபத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்தவர். அவருடைய திரைப்பாடல்களை ஆண்டுவாரியாகப் பகுத்து நோக்கும் பொருட்டு, பாடலுக்கு ஒரு வரியாக, திரைப்படம், இசையமைப்பாளர், ஆண்டு என்னும் மூன்று பத்திகளில் ஓர் அட்டவணையைக் கணினியில் அமைத்தேன். பத்திகளைப் பிரிக்கும் குறியாகக் காற்புள்ளியைக் கொண்டேன். வினவுவதற்கு ‘ஆக்’ என்னும் கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்தினேன். 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆகோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கிய கருவி அது. அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின.

மூன்றாம் பத்தியில் 1959 என்றிருக்கும் வரிகளைக் கேட்டேன். ‘கல்யாணப் பரிசு’ வந்தது. ‘பாகப்பிரிவினை’யும் ‘தங்கப்பதுமை’யும் வரவில்லை. பிழைச்செய்தி ஏதும் இல்லாமையால் கிடைத்த எண்ணிக்கையை அப்படியே கட்டுரை வரைவில் எழுதிவிட்டேன். கவிஞரின் இறுதி ஆண்டில் அவர்தம் பணி சுருங்கிற்று என்றொரு முடிவும் அதிலிருந்து பிறந்தது. நான் கேட்டு வளர்ந்த பாடல்களோடு அம்முடிவு பொருந்தவில்லை. ஆகவே மூலவரிகளை மீண்டும் நோக்கினேன்.

விடுபட்ட இரு படங்களுக்கும் இசையமைத்தோர் இரட்டையர். அவர்களை ‘விசுவநாதன், இராமமூர்த்தி’ என நான் காற்புள்ளியிட்டு எழுதியிருந்தேன். தமிழ் நடைக்குப் பொருந்திய அக்குறியைக் கருவி பத்தி எல்லையாகக் கொண்டது. மூன்றாம் பத்தியில் இராமமூர்த்தி நின்றார். ஆண்டு நான்காம் பத்திக்குத் தள்ளப்பட்டது. இடைவெளியைப் பிரிகுறியாக்கினாலும் தீர்வில்லை. ‘கல்யாணப் பரிசு’, ‘ஏ. எம். ராஜா’, ‘1959’ என்னும் மூன்றும் அப்போது ஆறாகச் சிதறும். மேற்கோள் குறிக்குள் பெயரை அடைக்கும் வழக்கம் உண்டெனினும், காற்புள்ளியைப் பிரிகுறியாக அறிவிப்பதனால் மட்டும் ‘ஆக்’ அதனை மதிப்பதில்லை. அதற்கெனத் தனி விருப்பத்தேர்வு 2023இல்தான் சேர்ந்தது.

எனவே தரவில் எங்கும் வாராத தத்தற்குறியைப் பிரிகுறியாக்கினேன். வினவுமுன் ஒவ்வொரு வரியின் பத்திகளையும் எண்ணி, மூன்றல்லாத வரிகளின் எண்களை மட்டும் அச்சிடச் செய்தேன். இது தமிழாய்வாளர்க்குப் புதிய நெறியன்று. குறளின் முதலடியில் நாற்சீரும் ஈற்றடியில் முச்சீரும் உள்ளனவா என எண்ணிப் பார்த்தே பாடத்தை ஏற்கிறோம். சீர் மிகினும் குறையினும் பிரிப்பில் பிழை உண்டென்று ஐயுறுகிறோம். அந்த ஐயத்தை அட்டவணையின்பால் நான் முன்னரே கொண்டிருத்தல் வேண்டும்.

திருத்திய பின் இரு படங்களின் பாடல்களும் 1959ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தன. பணி சுருங்கியதாகக் கூறிய பத்தியை வரைவிலிருந்து நீக்கினேன்.