பூமீன் கெண்டையைத் தேடி

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாழும் எனக்கு மீன் என்றால் எங்கள் ஏரி மீன்தான். ஏரி நிரம்பிய ஆண்டுகளில் வலை விழும். வலையில் பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டையே துள்ளும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த அயல் மீன், நம் நீர்நிலைகள் பலவற்றைத் தனதாக்கிக் கொண்டது.

அதே கதை காவிரியிலும் நடப்பதாகப் படித்தேன். மனம் பொறுக்காமல் மதரஸா விடுமுறையில் தருமபுரி சென்று, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லை அடைந்தேன்.

நான் தேடிச் சென்றது பூமீன் கெண்டையின் இனத்தில் பெரியதான திமில் மகாசீரை. முதுகில் திமில், செம்மஞ்சள் நிறத் துடுப்புகள். 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் அகப்பட்ட மகாசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடை இருந்தது! சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எச்.எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர், 1873-இல் எழுதிய தூண்டில் நூலில், தம் நாட்டுச் சால்மனைவிட மகாசீரையே மேலாகப் புகழ்ந்தார். சால்மன் கடலிலிருந்து ஆறேறும். மகாசீர் கடலை அறியாது. எனினும் இரண்டுமே ஓடும் தெளிந்த நீரையும் கூழாங்கல் படுகையையும் நாடி முட்டையிடுபவை. அணையும் மணற்கொள்ளையும் வெடிவைத்து மீன்பிடிப்பதும் குலைப்பது அந்த இடங்களைத்தான்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. கர்நாடகத்தின் காலிபோரே முகாமில், மீனைப் பிடித்து எடை பார்த்து மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் இருந்தது. உண்ணாத மீனை வதைக்கலாமா என்று என் மனம் கேட்கத்தான் செய்தது. ஆனால் 1998 முதல் 2012 வரை அவர்கள் எழுதி வைத்த கணக்கே, திமில் மகாசீர் மறைந்து வருவதை ஆய்வாளர்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அதன் இடத்தில் பெருகியது நீலத்துடுப்பு மகாசீர். அது லோனாவாலா பண்ணையில் வளர்க்கப்பட்டு, ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்தோடு காவிரியில் விடப்பட்ட இனம்! திமில் மீனின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. தமிழகத்தில் மோயாற்றில் இன்னும் சில உண்டு.

பரிசல் ஓட்டிய முதியவரிடம் விசாரித்தேன். "அந்த மீனா பாய்? எங்க அப்பா காலத்துல பரிசலையே இழுத்துக்கிட்டுப் போகுமாம். நான் பார்த்தே ரொம்ப வருசமாச்சு" என்றார்.

கரையேறிப் பசியோடு மீன் கடையில் அமர்ந்தேன். மசாலா மணக்கப் பொரித்து என் முன் வைக்கப்பட்டது, எங்கள் ஏரியின் அதே ஜிலேபிக் கெண்டை.