பேட்டரிக்கு என்ன வயசு?

உங்கள் காருக்கு என்ன வயசு என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். டெலிவரி எடுத்த தேதி, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம், ஷோரூமில் கொடுத்த ஸ்வீட் பாக்ஸ் வரை ஞாபகம் இருக்கும். சரி, அதன் பேட்டரிக்கு என்ன வயசு? 'போன வருஷம்தான் மாத்தினேன்' என்பீர்கள். பில்லைத் தேடி எடுத்துப் பாருங்கள். அந்தப் 'போன வருஷம்' நாலு வருஷத்துக்கு முந்தியதாக இருக்கும்.

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றியவர் ஒரு டிரைவர். ஊர், பனித்திட்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில் கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, பாகூர் கொம்யூனில், கடலை ஒட்டிய மீனவ கிராமம். பெயரில்தான் பனி. சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள், மணலில் செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது.

அந்த டிரைவர் சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்து ஓட்டுகிறார். பகலில் ஸ்கூல் பிள்ளைகள், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுக்காரர்கள், ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரி. 'ஒரு தபா ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலின்னு வந்து கதவத் தட்னாங்க சார். சாவியப் போட்டா டிக் டிக்னு சத்தம், அவ்ளோதான். பத்துப் பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணோம். மணல்ல தள்றது எப்டி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.' தாயும் பிள்ளையும் நலம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதிலிருந்து அவர் பேட்டரி மாற்றினால் அதன் தலையிலேயே வெள்ளை பெயின்ட்டால் மாசமும் வருஷமும் எழுதி வைக்கிறார். மூன்று வருஷம் தாண்டினால் ஒவ்வொரு கத்திரி முடிந்ததும் டெஸ்ட். அது நன்றாக இருந்தாலும், நாலாவது வருஷம் முடிந்தால் மாற்றம்தான்.

மூன்று, நாலு என்று எங்கிருந்து கணக்குப் பிடித்தார்? அனுபவம். கெமிஸ்ட்ரியும் அதையேதான் சொல்கிறது.

கார் பேட்டரியைக் கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், கஸ்தோன் பிளான்தே. வருஷம் 1859. அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான். இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வைத்தார். மின்சாரத்தை உள்ளே அனுப்பினால் வாங்கி வைத்துக்கொண்டது, கேட்டால் திருப்பிக் கொடுத்தது. காருக்குள் இது ஸ்டார்ட்டராக வந்து உட்கார்ந்தது 1912-ல், அமெரிக்காவின் காடிலாக் காரில். அதுவரை முன்னால் நின்று ஹேண்டில் சுற்ற வேண்டும். அது எதிர்ப்பக்கம் உதைத்துக் கை முறிந்தவர்கள் உண்டு. இன்று உங்கள் காரில் எத்தனையோ எலெக்ட்ரானிக்ஸ் வந்துவிட்டது. ஆனால் பானெட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் அதே ஈயம், அதே அமிலம்.

ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில் மொத்தம் 12.6. ஸ்டார்ட் செய்வது பேட்டரிக்கு பெரிய வேலை என்று நினைக்கிறோம். சின்ன பெட்ரோல் கார் 200 ஆம்பியர் இழுக்கிறது, இரண்டு செகண்டில் கிளம்பிவிடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் செலவாவது அரை சதவீதம்கூட இல்லை. ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். ஆக, நம் ஊர் பேட்டரிகள் உழைத்துச் சாவதில்லை. வெந்து சாகின்றன.

எந்த ரசாயன மாற்றமும் சூட்டில் வேகமாக நடக்கும். பேட்டரிக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு: வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. 25 டிகிரியில் ஆறு வருஷம் வரும் சரக்கு, எப்போதும் 35 டிகிரியில் இருந்தால் மூன்று வருஷம். வெளியே 38 டிகிரி அடிக்கும்போது, ஓடி நின்ற காரின் பானெட்டுக்குள் 60-ஐத் தாண்டும். உள்ளே இரண்டு காரியம் நடக்கிறது. பாசிட்டிவ் தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகிறது. அமிலத்தில் இருக்கும் தண்ணீர் குறைகிறது. முதலாவதற்கு மருந்தே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேட்டரி கத்திரி வெயிலில் நின்றுபோவதில்லை. சூட்டில் அமிலம் சுறுசுறுப்பாக இருப்பதால் அரைகுறை பேட்டரிகூட வண்டியைக் கிளப்பிவிடும். வைகாசியில் வாங்கிய அடிக்கு அது கார்த்திகையில்தான் விழும். காலையில் மழை, குளிர், வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிப் பனி போக்க ஏ.சி. எல்லாம் சேர்ந்து ஓடும் நாளில். நாம் மழையைத் திட்டுகிறோம். காரியத்தைச் செய்தது வெயில்.

சரி, மாற்றப் போகிறீர்கள். கடைக்காரர் முதலில் ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார். சி.சி.ஏ. இத்தனை சார், செம பவர்! சி.சி.ஏ. என்றால் என்ன தெரியுமா? மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 செகண்ட் நேரம், வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது. பனித்திட்டில் மைனஸ் 18 வந்தால் நாம் கவலைப்பட வேண்டியது பேட்டரியைப் பற்றி அல்ல. கார் கம்பெனி கேட்கும் அளவு இருந்தால் போதும். டீசல் வண்டிக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அதற்கு மேல் காசு கொடுக்காதீர்கள். அதே பெட்டிக்குள் இந்த எண்ணை ஏற்ற வேண்டுமென்றால் பொதுவாகத் தகடுகளை மெலிசாக்கி அதிகமாக அடுக்குவார்கள். மெலிசான தகடு நம் சூட்டில் சீக்கிரம் அரிக்கும்.

நம் ஊருக்கு நான் பார்க்கச் சொல்வது நாலு விஷயம்.

ஒன்று, அளவு. பழைய பேட்டரியின் மேல் '38 பி 20 எல்' என்பது போல ஒரு குறி இருக்கும். 38 என்பது திறன். பி என்பது பெட்டியின் அகல உயரம். 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து எல்லா ஆரா என்பது டெர்மினல் எந்தப் பக்கம் என்பதற்கு. இது மாறினால் ஒயர் எட்டாது. இழுத்து மாட்டுகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டி ஆடாமல் கிளாம்ப்பில் உட்கார வேண்டும்.

இரண்டு, பிறந்த தேதி. பேட்டரி கடை ஷெல்ஃபில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். சூட்டில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். தயாரித்த மாதத்தைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு சங்கேதத்தில் போடுகிறார்கள். கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. மீட்டர் வைத்து 12.5-க்கு மேல் காட்டச் சொல்லுங்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே, அதேதான்.

மூன்று, ஜாதகப் பொருத்தம். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் கார்களுக்கு ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்ற தனி ரகம் வேண்டும். விலை குறைவு என்று அதில் சாதா பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். சாதா காருக்கு, கால்சியம் கலந்த 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' ரகம் நம் சூட்டுக்குத் தேவலை. தண்ணீர் குறைவது கம்மி. மூடி திறக்கிற மாதிரி இருந்தால் மாசம் ஒரு முறை பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கேன் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், அமிலம் மூன்றும் கூடாது. அதே போல வீட்டு இன்வெர்ட்டருக்கும் படகு விளக்குக்கும் கார் பேட்டரி போடுவதும் வீண். கார் பேட்டரி ஓட்டப்பந்தயக்காரன், ஒரே மூச்சில் ஓடி நிற்பான். மணிக்கணக்கில் மூட்டை தூக்கச் சொன்னால் முதுகு ஒடிந்துவிடும். அதற்குத் தடித்த தகடு வைத்த ரகம் தனியாக இருக்கிறது.

நாலு, வாரன்டி. 48 மாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அட்டையைத் திருப்பினால் 24 மாதம் இலவச மாற்று, மீதி 24 மாதம் 'ப்ரோ ரேட்டா' என்று இருக்கலாம். அதாவது புதுசு வாங்க ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான். முதல் எண்ணைப் பார்த்து ஒப்பிடுங்கள். வாடகை வண்டிக்குப் பல கம்பெனிகளில் இது இன்னும் குறைவு.

மாட்டியாயிற்று. இனி என்ன? பேட்டரியைச் சுற்றி ஒரு துணி உறையோ பிளாஸ்டிக் தடுப்போ இருந்திருக்கும். அது இன்ஜின் சூட்டைத் தடுக்க. அவசரத்தில் மெக்கானிக் அதை ஓரமாக வைத்துவிட்டுப் போவார். திரும்பப் போடச் சொல்லுங்கள். நிழலில் நிறுத்துங்கள். ஒரு மாசம் ஊருக்குப் போகிறீர்களா? அலாரமும் கடிகாரமும் 50 மில்லி ஆம்பியர் குடித்தால்கூட முப்பது நாளில் 36 ஆம்பியர்-அவர். உங்கள் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அதோடு காலி. நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்காற்று உலோகத்தை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. அத்தனை தூரம் நாம் போக வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவி, துடைத்து, வாசலின் தடவி, நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பேட்டரி ஹைட்ரஜன் விடும், அது வெடிக்கும்.

சில நூறு ரூபாயில் ஒரு மல்ட்டிமீட்டர் கிடைக்கிறது. ராத்திரி நின்ற வண்டியில் காலையில் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் கடைக்குப் போகும் நேரம். இன்ஜின் ஓடும்போது பதினாலு சொச்சம் சரி. 15-க்கு மேல் போனால் குற்றவாளி பேட்டரி அல்ல, சார்ஜ் செய்யும் சர்க்யூட். புதுசு போட்டாலும் அதையும் வேக வைத்துவிடும். பேட்டரி மேல் பச்சை நிறம் காட்டும் அந்தச் சின்னக் கண் இருக்கிறதே, அது ஆறு அறையில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

கடைசியாகப் பழைய பேட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். முறையான ஆலையில் உருக்கினால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பக் கிடைத்து, இன்னொரு பேட்டரியாகும். அதையே ஒருவர் கொல்லைப்புறத்தில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, அடுப்பில் வைத்து உருக்கினால், அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது. மூளையைப் பாதிக்கிறது. மருந்து கொடுத்து மீட்க முடியாத பாதிப்பு. யூனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடிப் பேர் ரத்தத்தில், கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாகச் சொன்னது. ஒழுங்கில்லாமல் பேட்டரி உருக்குவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. டீலர் பழசைத் திரும்ப வாங்க வேண்டும் என்று நம் நாட்டில் 2001-லேயே விதி வந்தது. 2022-ல் வந்த புது விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் ஏற்றின. எனவே பழசைக் கடையிலேயே கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். தெருவில் வருபவர் நூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்பார். அந்த நூறு ரூபாயை யாரோ ஒரு குழந்தைதான் கொடுக்கிறது.

'நான் எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டேன், எனக்கு இந்தத் தலைவலி இல்லை' என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காரிலும் பெரிய பேட்டரியைத் தவிர, கதவையும் கம்ப்யூட்டரையும் எழுப்ப 12 வோல்ட்டில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பல மாடல்களில் அதுவும் பிளான்தேயின் ஈயம்தான். அது படுத்தால், பெரியது முழு சார்ஜில் இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

போய் அதற்கு என்ன வயசு என்று பாருங்கள்.